நிரோஜாவின் முதுகுக் காயம்

சுகந்தினி மகளைப் பக்கவாட்டில் திருப்பியபோது முதுகுக் கட்டின் அடிப்பகுதி நனைந்திருந்தது. மூத்திரம் ஊறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். சீழ்.

நிரோஜா மூளை வாதத்தோடு பிறந்தவள். நடையுமில்லை, பேச்சுமில்லை. வளைந்த முதுகு மூச்சையே நெருக்கத் தொடங்கியதால், பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோய், அறுவைச் சிகிச்சையில் முதுகெலும்புக்குக் கம்பி வைத்து நிமிர்த்திக்கொண்டு அண்மையில்தான் தங்கள் ஊரான ஜெயபுரத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

"எலும்பில செய்த வேலைதானே. எலும்பு முறிவு வைத்தியரிட்ட மூலிகைப் பத்து வாங்கியந்தனான். கட்டை அவிழ், பூசுவம்," என்று கணவனின் தமக்கை விமலேஸ்வரி வாழையிலையை விரித்தாள்.

"வேண்டாம் மச்சாள். உடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

"அவள் எந்த நாள் அழாமல் கிடந்தவள்? தம்பி உழவை விட்டுட்டு லாண்ட்மாஸ்டர் மெசினில இவளை ஏத்திக்கொண்டு திரியிறதோ? நடக்கப்போறாளோ, படிக்கப்போறாளோ? கடவுள் எடுத்தால் அவளுக்கும் ஆறுதல், உனக்கும் ஆறுதல்."

அந்தக் கடைசி வார்த்தை சுகந்தினிக்குப் புதிதல்ல. கிணற்றடியில் பீத்துணி அலசும்போது அவளுக்குள்ளேயே அது எத்தனையோ தடவை தலைநீட்டியிருக்கிறது. இன்னொருத்தியின் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் அசிங்கம் தெரிந்தது.

பத்தை இலையோடு எடுத்து முற்றத்தில் வீசினாள்.

"இஞ்சருங்கோ," என்று வாசலில் நின்ற கணவன் தயாபரனிடம் திரும்பினாள். "பசுவின்ர கால் சீழ் பிடிச்ச அண்டைக்கு, உழவை விட்டுட்டு மாட்டு டொக்டரிட்ட ஓடினனீங்கள். இவள் அந்தப் பசுவிலும் கேடோ? பெட்டியைக் கொழுவுங்கோ. இல்லாட்டித் தோளில போட்டுக்கொண்டு நடப்பன்."

தயாபரன் தமக்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவினான்.

ஆஸ்பத்திரியில் காயத்தைத் திறந்து கழுவினார்கள்.

"பத்துப் பூசி மூடியிருந்தால் சீழ் கம்பி வரைக்கும் இறங்கியிருக்கும்," என்றார் டொக்டர். "கனநாள் மருந்து ஏத்தவேணும். மலசலம் கட்டில படவிடாதேங்கோ. இனிக் காயம் கசிஞ்சாலோ காய்ச்சல் வந்தாலோ, பாத்துக்கொண்டிருக்காமல் உடன வாங்கோ."

காய்ச்சல் தணிந்த பிறகு விமலேஸ்வரி வார்டுக்கு வந்தாள். கட்டிலருகில் நின்று சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"கதைக்கத் தெரியாத பிள்ளை. இவ்வளவு நோவெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கதைக்கத் தெரியாட்டியும் நோகும், மச்சாள்," என்றாள் சுகந்தினி, குரலைத் தணிக்காமலே. "நடக்காத பிள்ளைதானே எண்டு மருந்து குடுக்காமல் விட்டுட்டு, பிறகு விதி எண்டு சொல்லாதேங்கோ. அது விதியில்லை. நாங்கள் செய்யிற கொலை."