அவன் காதில் மட்டும்

லிஃப்ட் மெக்கானிக்கின் வாய்க்கு வாரத்தில் ஆறு நாள் வேலையே கிடையாது. இருட்டுக் குழிக்குள் இறங்கி இரும்பு வடத்துக்கு கிரீஸ் தடவுகிறவன் யாரிடம் பேசுவான்? வீட்டிலும் அதே கதைதான், சுவரோடு பேசினால் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவனுக்கு மனிதர்கள். எந்தச் சபையையும் சேராத ஐந்து பேர், வாடகை அரங்கில் ராக் இசை போட்டு ஆண்டவரைத் துதித்தார்கள். பாட்டெல்லாம் சொந்தச் சரக்கு. டிரம்ஸ் அடித்தால் நெஞ்செலும்பு அதிரும். அந்த ஐவரில் இவன் இரண்டாம் குரல். காதில் மாட்டிய இயர்ஃபோனில் தன் குரல் கணீரென்று கேட்கும்போது இவனுக்கே இவனைப் பிடித்துப்போகும்.

ஆராதனை வீடியோவைத் தான் போட்டுக்கூடப் பார்க்காமல் வாராவாரம் தூரத்திலிருக்கும் அக்காவுக்கு அனுப்புவான். போன வாரம் அவள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏன்டா, உன் வாய் மட்டும் அசையுது, குரலே வரலையே?"

இந்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் சவுண்ட்காரனைத் தனியாகப் பிடித்தான். சவுண்ட்காரன் மிக்ஸர் பலகையின் பொத்தான்களைப் பார்த்தபடியே வார்த்தைகளை மென்று முழுங்கினான்.

"எட்டு மாசமாச்சுண்ணே. சுதி விலகுதுன்னு கிட்டார் அண்ணன்தான் உங்க மைக்கை வெளிய கேக்காம வைக்கச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்ல யாருக்கும் மனசு வரல. உங்க காதுல மட்டும் ஃபுல்லா வச்சிருக்கேன்."

"அப்ப நான் பாடினது யாருக்குமே கேக்கலையா?"

"ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்ண்ணே."

நல்ல ஆறுதல்! ஆண்டவருக்கு எதற்கு மைக்? இவனுக்கு வேண்டியிருந்தது நாலு மனிதக் காது. எட்டு மாதமாகத் தோளில் கை போட்டு ஜெபித்தார்களே, ஒருத்தராவது வாய் திறந்தாரா? கிளம்பிப் போய்விடலாம். போய், யாரோடு இருப்பது?

மேடையேறினான். "கலக்கிடலாம்பா" என்று கிட்டார் அண்ணன் வழக்கம்போல் முதுகில் தட்டினார். இவன் இயர்ஃபோனைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டான். டிரம்ஸ் சத்தத்தில் தன் குரல் இவனுக்கே கேட்கவில்லை. விடாமல் தொண்டை கிழியப் பாடினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை, அக்கா கூப்பிட்டாள்.

"வீடியோ பார்த்தேன்டா தம்பி. இன்னிக்கு உன் குரல் நல்லாக் கேட்டுச்சு."

"நிஜமாவாக்கா?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"சந்தோஷம்க்கா" என்றான். பேசி முடித்தபிறகும் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அன்றைய வீடியோவை அவன் இன்னும் அனுப்பியிருக்கவில்லை.