பிடித்தம் போக

மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை பார்த்தது அவர்கள் இருவர் மட்டும்தான். அவள் சோதனைப் பிரிவு. மெருகேறி வந்த வில்லையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். கீறலோ குமிழோ கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுவாள். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி, அதே விளக்கு. கூட வேலை செய்பவர்கள் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு அலையும் அவள் புருஷனுக்குச் 'சாவி' என்று பெயர். அவன் சேர்ந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்பு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம் என்று சொல்லிச் சொல்லி அவனை அங்கே இழுத்துவிட்டதே அவள்தான்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். உள்ளே நுழைந்ததும், "உக்காருங்க" என்றார். அந்த அறையில் நல்ல செய்தி சொல்வதற்கு யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

"சோதனைல ஒரு ஆளு, ஸ்டோர்ல ஒரு ஆளு குறைக்கணும்னு மேலேர்ந்து உத்தரவு. ஒரே வீட்டுல ரெண்டு பேர் பொழப்புலயும் கைவைக்க எனக்கு மனசு வரல. ஒருத்தரை வேற பிரிவுக் கணக்குல காட்டிக் காப்பாத்திடறேன். யாரு போறது, யாரு இருக்கறதுன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமை சொல்லுங்க" என்றார். போகிறவர்களுக்குப் பத்து மாதச் சம்பளம் மொத்தமாகக் கிடைக்கும், சர்வீஸ் கூடக் குறைய இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே கணக்குதான் என்றும் சொன்னார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு அவன், "பூவா தலையா போட்டுப் பாத்துருவமா?" என்றான். அவளும் சிரித்துவைத்தாள்.

செய்தி அன்று சாயங்காலமே அவனுடைய அக்காவுக்குப் போய்விட்டது. இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. தம்பி வீட்டில் ஒரு ஆணி அடிப்பதானாலும் அவளைக் கேட்டுத்தான் அடிப்பார்கள். கெட்ட மனுஷி இல்லை. யாராவது தடுமாறி நின்றால் தானே முன்னால் போய் முடித்துவைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். "இது காசு விஷயம். குருட்டாம்போக்குல முடிவெடுக்கக் கூடாது" என்று சொல்லி மறுநாளே இருவரையும் ஆடிட்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டயர் கடைக்கு மாடியில் இருந்தது ஆடிட்டர் ஆபீஸ். அறை முழுக்க ரப்பர் வாசனை. ஆடிட்டர் வயதில் சின்னப் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருவருடைய சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்த்தாள்.

"வேலை போகும்போது வர்ற பணம் எல்லாம் ஒரே ஜாதி இல்ல" என்று ஆரம்பித்தாள். "எடுக்காத லீவுக்கு வர்றது, நோட்டீஸ் காலத்துக்கு வர்றது, இதெல்லாம் சம்பளம் மாதிரிதான். வரி உண்டு. வேலை போனதுக்கு ஈடா தர்ற பத்து மாசச் சம்பளம் இருக்கே, அதுக்குத்தான் சலுகை. ஆனா எத்தனை வருஷம் வேலை பாத்தீங்களோ அந்த அளவுக்குத்தான் விலக்கு. மேடத்துக்குப் பதினெட்டு வருஷம், அதனால மொத்தமும் விலக்குக்குள்ள அடங்கிடும். ஒரு பைசா பிடிக்க மாட்டாங்க. சாருக்கு ஆறு வருஷம்தான். பாதிக்கு மேல வெளிய நிக்கும். இந்த வருஷம் ஓவர்டைம் வேற நிறைய பாத்திருக்கார், அதனால வெளிய நிக்கறதுக்கு வரி விகிதமும் ஜாஸ்தி."

"அப்போ யாரு போனா நல்லது?" என்று அக்கா நேரே கேட்டாள்.

"வரியை மட்டும் பாத்தா, மேடம் போறதுதான் லாபம். ஒண்ணே ஒண்ணு, ராஜினாமான்னு எழுதிக் குடுத்துடாதீங்க. தானா போனவங்களுக்கு விலக்கே கிடையாது. கம்பெனிதான் இந்தப் பணியிடத்தை எடுத்துருச்சுன்னு பேப்பர்ல இருக்கணும்."

"அப்புறம் என்ன, முடிஞ்சு போச்சு" என்று அக்கா எழுந்துவிட்டாள். மாடிப்படி இறங்கும்போதே, தம்பி பெண்டாட்டி வீட்டில் இருந்தால் அவர்கள் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு ஆள் இருக்கும், வெளியில் சாப்பிடுகிற செலவு குறையும் என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். அத்தனையும் நியாயமான பேச்சு. தம்பி தலையை ஆட்டிக்கொண்டு வந்தான். அவளும் ஆட்டினாள்.

உனக்கு இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. விளக்கடியில் உட்கார்ந்து நாளெல்லாம் கண்ணாடித் துண்டைப் பார்க்கிற வேலை ஒருத்திக்குப் பிடித்திருக்கிறது என்றால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? அவனுக்கோ அந்த ஸ்டோர் ரூம் என்றாலே வேப்பங்காய். ஜன்னல் இல்லாத அந்த அறையைத் திட்டாமல் அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கழிந்ததில்லை. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கணக்கில் அதற்கு இடமில்லை.

புதன்கிழமை பக்கத்து மேஜைப் பெண் ஒரு வில்லையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது உங்க தட்டுலேர்ந்து வந்துச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். விளக்கில் பிடித்தபோது குறுக்கே நீளமாக ஒரு கீறல். குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவளுக்குக் கண்ணில் படவில்லை. முகம் செத்துப்போய் அதை வாங்கி ஒதுக்கிவைத்தாள். போவதற்கு முன்பே பாதி போய்விட்டோமோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் ஒழுகுகிற குழாயைக் கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னார் மேனேஜர்?"

"பதினோரு மணிக்கு. நீதானே போன்ல பேசின?" என்று அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் மறுபடியும் உட்காரச் சொன்னார். "என்ன முடிவு பண்ணீங்க?" தான் போவதாக அவள் தன் வாயாலேயே சொல்வதென்று வீட்டில் பேச்சு. அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அவர் போறார் சார்" என்றாள்.

சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்று அவனிடம் கேட்டார். அவன் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அங்கேயே உடைந்து, சரி என்று சொல்லியிருப்பாள். அவன் பார்வையை மேஜைக்கு இறக்கினான்.

"ஆமா சார்" என்றான்.

மேனேஜர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். எப்படியாவது அந்த அறையை விட்டு ஓடினால் போதும் என்பதுபோல் அவன் பேனாவைத் திறந்தான். அவள் கண் இரண்டாவது வரியில் நின்றது. 'எனது சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' சட்டென்று கையை நீட்டிக் காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"எல்லாருக்கும் ஒரே படிவம்தாம்மா" என்றார் மேனேஜர்.

"இதுல கையெழுத்துப் போட்டா மொத்தப் பணத்துக்கும் வரி பிடிச்சிருவாங்க சார். வேணாம்னு சொன்னது கம்பெனி. அதையே எழுதிக் குடுங்க."

அவருக்கும் அது புதிதாக இருந்தது. தலைமை ஆபீசைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர்களை வெளியே உட்காரச் சொன்னார். நடைபாதையில் இரண்டு நாற்காலி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"எப்போ முடிவு பண்ணின?" என்று அவன் கேட்டான்.

"இப்பத்தான்."

"பொய் சொல்லாத."

"ஆடிட்டர் ஆபீஸ் படி இறங்கறப்போ."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? மூணு நாள் இருந்துச்சே."

"சொன்னா நீங்க சரின்னுருவீங்க. உங்க அக்கா வந்து பேசுவாங்க. அவங்க பேசினா நானும் சரின்னுருவேன்."

அவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கோபமா, அவமானமா, விட்டது தொல்லை என்ற நிம்மதியா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினெட்டு வருஷம் கீறல் பார்த்த கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற முகம் பிடிபடவில்லை. வாசகம் மாறிய காகிதம் வந்ததும் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு நாள் வீட்டில் உப்பு, தண்ணீர் என்ற அளவுக்குத்தான் பேச்சு. மூன்றாம் நாள் அக்கா வந்தபோது, "கம்பெனியே என்னைத்தான் எடுத்துருச்சுக்கா. நாங்க சொல்றதைக் கேக்கல" என்றான். அவள் அடுக்களையில் நின்று அதைக் கேட்டாள். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். அதுவே அவளைக் குடைந்தது.

மாதக் கடைசியில் பணம் வந்தது. வங்கியில் ஏறிய தொகையை அவள் பார்த்தாள். ஆடிட்டர் கணக்குப் போட்டுச் சொன்னதைவிட எவ்வளவோ குறைவு. எங்கேயோ தப்பு நடந்துவிட்டது, தன்னால்தான் நடந்துவிட்டது. அரை நாள் லீவு போட்டுவிட்டு டயர் கடை மாடிக்கு ஓடினாள்.

ஆடிட்டர் பிடித்தச் சீட்டைப் பார்த்தாள். "மொத்தத்தையும் ஒரே மாசச் சம்பளம்னு வச்சு உச்ச விகிதத்துல பிடிச்சிருக்காங்க. விலக்கையும் பாக்கல. பதறாதீங்க. வருஷ முடிவுல கணக்குத் தாக்கல் பண்ணினா அதிகமா பிடிச்சது திரும்பி வந்துரும்."

"நிச்சயமா வருமா?"

"வரணும்" என்றாள் ஆடிட்டர்.

வரும் என்பதற்கும் வரணும் என்பதற்கும் நடுவில் அவள் ஏழெட்டு மாதம் குடியிருந்தாள். வீட்டுக் கடன் தவணை ஒற்றைச் சம்பளத்தில் ஓடியது. தொழிற்சாலையில் யாராவது தன் பெயரைச் சொன்னாலே திடுக்கிட்டாள். தன்னையும் எடுத்துவிட்டால் எல்லாம் கோவிந்தா. நடுவில் வரி ஆபீசிலிருந்து, இவர் தானாக விலகினாரா, விலக்கப்பட்டாரா என்று ஒரு கேள்வி வந்தது. வாசகம் மாற்றி வாங்கிய காகிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "சரி, போங்க" என்றார். எது சரி என்று கேட்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குள் அவன் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேன் ஓட்டச் சேர்ந்திருந்தான். பழைய சம்பளத்தில் முக்கால்தான். சாயங்காலம் இடுப்பு வலி என்று முனகுவான். ஆனால் முனகிக்கொண்டே அன்றைக்குப் பார்த்த சண்டை, மாட்டிக்கொண்ட நெரிசல் என்று பேச்சு நீளும். ஸ்டோர் ரூமிலிருந்து வந்த நாட்களில் அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

கடைசியில் பணம் திரும்பி வந்தது. ஆடிட்டர் சொன்ன தொகைதான். அப்படியும் அவள் போயிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட மூன்று மாதச் சம்பளம் குறைவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கேட்டுக் கணக்குப் போட்டாள். "மூணு மாசக் காசு தண்டமாப் போச்சே. உன் பொண்டாட்டிய எடுத்திருந்தா முழுசா வந்திருக்கும். அந்தக் கம்பெனிக்காரன் நல்லா இருப்பானா?"

"போவுது விடுக்கா" என்றான் அவன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "கம்பெனி இல்ல அண்ணி. நான்தான் சொன்னேன், அவர் போகட்டும்னு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். "தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்ட?"

"தெரிஞ்சுதான்க்கா."

"அவ்வளவு பணத்தையும் விட்டுட்டு, அந்தக் கண்ணாடியில அப்படி என்னடி இருக்கு?"

"சொல்லத் தெரியல அண்ணி. காலைல போய் முதல் வில்லையைக் கையில எடுத்தா மத்தது எல்லாம் தள்ளி நின்னுரும். வீட்டுல இருந்தா எனக்கு அது கிடைக்காது."

முன்னால் வைத்திருந்த டீயைத் தொடாமல் அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் சமாளிச்சு வச்சிருந்தேன்ல?" என்றான் அவன்.

"எத்தனை நாளைக்கு?" என்றாள் அவள்.

ஒரு மாதத்துக்கு மேல் அக்கா அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. போன் செய்தாலும் தம்பியிடம் மட்டும் பேசினாள். தொழிற்சாலையில் மறுபடியும் ஆள் குறைப்புப் பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். அக்கா நின்றிருந்தாள். தம்பி எங்கே என்று கேட்கவில்லை.

"இன்னைக்கு உனக்கு வேலை இல்லையா?" என்று கேட்டாள்.

"காலை ஷிப்ட் அண்ணி. இப்பத்தான் வந்தேன். உள்ள வாங்க" என்று அவள் கதவை அகலத் திறந்துவிட்டாள்.