மருமகன் என்னைக் கொன்ற ஞாயிறு

என் மருமகன் தன் மாமியைக் கழுத்தை நெரித்துக் கொன்றதை எங்கள் பெரியகல்லாறு ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. மாமியாக நடித்தவள் கொழும்பிலிருந்து வந்த யாரோ ஒரு நடிகை. ஆனால் ஊர்க்கண்ணுக்கு அது நான்தான்.

துப்பறியும் நாடகம் என்றால் எனக்கு உயிர். ஞாயிறு பின்னேரம் ஒரு கொலை, ஒரு விசாரணை, ஒரு கைது. இரண்டாவது விளம்பரத்துக்கு முன்பே கொலைகாரனைப் பிடித்துவிடுவேன். ஆள் யார் என்று தேடக்கூடாது, காரணம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "அக்கா, நீங்க பொலிசுக்குப் போயிருக்கலாம்" என்பாள் பக்கத்து வீட்டு அஜந்தா. நானும் அதை மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட எனக்கு, என் சொந்த வீட்டில் நடந்த ஒன்றுக்குக் காரணம் பிடிபடவில்லை. மகள் தனுஷாவும் மருமகன் லக்ஷனும் மட்டக்களப்பு டவுனில் வாடகை வீடு பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் போகிறார்களாம். ஏன் என்று கேட்டால், "அவருக்கு வேலைக்குக் கிட்ட அம்மா" என்றாள் மகள். லொறி ஓட்டுகிற மனிதருக்கு எது கிட்ட, எது தூரம்? இருக்கிற ஒரே பிள்ளையும் போனால் இந்த வளவில் நான் யாரோடு இருப்பது என்று அவள் யோசிக்கவேயில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தனுஷாவின் கலியாணத்தோடு வீட்டை அவள் பேரில் எழுதிவிட்டு, நான் பின்னால் குசினியோடு ஒட்டிய அறைக்கு மாறினேன். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மாமி அவர் முகத்துக்கு முன்னால் போய் நிற்க மாட்டா, நேருக்கு நேர் கதைக்கவும் மாட்டா. அது பகை இல்லை, மரியாதை. இப்போது அநேக வீடுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. என் தாய் என் புருஷனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் தவறியபோது என்னைவிடக் கூடுதலாக அழுதது அவதான்.

மகள் வீட்டில் இல்லாத நேரத்துக்கு எங்கள் நாய் ஜிம்மி இருந்தது. "ஜிம்மி, தேத்தண்ணி மேசையில வச்சிருக்கு" என்று நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று சொல்வேன். "ஜிம்மி, இண்டைக்கு வரப் பிந்தும்" என்று அவர் முற்றத்தில் நின்று சொல்வார். நாலு வருடமாக எங்கள் குடும்பத் தபால்காரன் ஜிம்மிதான். சம்பளம் மீன் தலை.

லக்ஷன் வவுணதீவு ஊர்ப் பிள்ளை. சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்து, இந்த வீடு அந்த வீடு என்று சொந்தக்காரரிடம் வளர்ந்தவர். வயல் பக்கத்து ஆளுக்குத் தயிர் இல்லாமல் சோறு இறங்காது என்று கண்டுபிடித்து, வவுணதீவிலிருந்து எருமைத் தயிர் கொண்டு வருகிறவனிடம் சொல்லிவைத்தேன். கிழமைக்கு ஒரு சட்டி. வாங்குவது நான், பரிமாறுவது மகள்.

வாவிக்கரையில் நாடகக்காரர் படம்பிடிக்க வந்தபோது சாமான் ஏற்ற லொறி கொண்டு போனவர் இவர். போனவரை நிற்கவைத்து, கமராவுக்கு முன்னால் விட்டுவிட்டார்கள். என்ன வேஷம் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. "முக்கியமான ஆளாம்" என்று மட்டும் மகள் சொன்னாள்.

அந்த ஞாயிறு எங்கள் ஹோல் நிறையச் சனம். லக்ஷன் மூலைக் கதிரையில் கூனிக்கொண்டு இருந்தார். அவர் இருக்கிற இடத்துக்கு நான் வரக்கூடாதே! குசினி வாசலில், திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் மாமி செத்துக் கிடந்தாள். மருமகன் வேஷத்தில் லக்ஷனைப் பார்த்ததும் சனம் கைதட்டியது. "மருமகன்தான் செஞ்சிருப்பான், வீட்டுக்காக" என்று ஒரு பொடியன் சொன்னான். அஜந்தா சிரித்தாள். "வீடு பெண்டாட்டிட பேர்ல. மாமியக் கொலை செஞ்சு அவனுக்கு என்ன கிடைக்கப் போகுது?" சரியான பேச்சு. எனக்கும் அதுதான் எண்ணம். நான் அந்த மாமியின் தம்பியைக் கொலைகாரனென்று பிடித்து வைத்திருந்தேன்; அவன் முழியே சரியில்லை.

கடைசியில் பொலிஸ் அதிகாரி லக்ஷனை மேசைக்கு முன்னால் இருத்தினார். "வீட்டுக்காகத்தானே செய்தாய்?"

"வீடு என்ட பெண்டாட்டிட பேர்ல கிடக்கு சேர். எனக்கு ஒண்டும் வராது."

"அப்ப ஏன்?"

திரையில் லக்ஷன் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, ஜிம்மியிடம் பேசுகிற அதே தணிந்த குரலில் சொன்னார்:

"நாலு வருசம் சேர். ஒரு வளவுக்குள்ளதான் இருந்தம். ஒருக்காச்சும் என்ட மூஞ்சப் பாத்து, 'மனே, சாப்பிட்டயா' எண்டு கேக்கல்ல."

'மனே' என்பது எங்கள் பக்கத்தில் தாய் மகனைக் கூப்பிடுவது. மூலைக் கதிரையில் இருந்த லக்ஷன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வாய் திறந்தது அஜந்தா. "இதென்ன காரணம்! இதுக்காக ஆராச்சும் கொலை செய்வானா? எழுதினவனுக்கு விசர்." சனம் சிரித்துக்கொண்டே கலைந்தது. போகும்போது நாலைந்து பேர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்ததும் வெடித்தேன். "மானத்தை வாங்கிப்போட்டான் எழுதினவன்! மாமி மருமகனோட கதைக்கிறல்ல எண்டு தெரியாதா அவனுக்கு? மரியாதைக்கு இருக்கிறதக் கொலைக்குக் காரணமாக்கிட்டான்."

தனுஷா கோப்பைகளை மெல்ல வைத்தாள்.

"அத அவங்க எழுதல்லம்மா. வீட்டுக்காகக் கொலை செஞ்சன் எண்டுதான் எழுதியிருந்தாங்க. எங்கட பக்கத்துல அது சரிவராது, சனம் சிரிக்கும் எண்டு இவர்தான் சொல்லியிருக்கார். அப்ப நீயே ஒரு காரணம் சொல்லு எண்டாங்களாம்."

"அதுக்கு?"

"அதுக்குச் சொன்னதுதான் அது."

நான் அப்படியே குசினிப் பலகைக்கட்டையில் குந்திவிட்டேன். டவுன் வீட்டுக்கான காரணமும் சேர்த்துத்தான் பிடிபட்டது. எனக்கு அவரைப் பிடிக்காது என்று நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. தாயில்லாமல் வளர்ந்தவர், கலியாணத்தோடு ஒரு தாய் கிடைக்கும் என்று வந்திருப்பார். கிடைத்தது ஒரு திரைச்சீலை. என் தாய் என் புருஷனுக்காக அழுத அழுகையை, உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனிதர் ஒருநாளும் காணவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சோற்றைப் போட்டேன். இறால் கறி, முருங்கையிலைச் சுண்டல், ஓரத்தில் தயிர். தட்டை மகளிடம் நீட்டப் போய், நீட்டாமல் நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். திரைச்சீலை வரைக்கும் கால் தானாகப் போனது. அங்கே நின்றுவிட்டது. அவர் முன்வாசல் படியில் இருந்தார், பக்கத்தில் ஜிம்மி. பழக்கதோஷம், வாயில் "ஜிம்மி" என்றுதான் வந்தது. நாய் எழும்பி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"நீ போடா அங்கால" என்று அதைத் துரத்திவிட்டு, திரைச்சீலையை ஒதுக்கி வெளியே வந்தேன். அவர் பதறி எழும்பி, ஒதுங்கி வழிவிடப் பார்த்தார். நான் விலகவில்லை. நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

"மனே" என்றேன். "என்னைக் கொலை செஞ்ச களைப்புக்கு ஒரு பிடி சோறு தின்ன வேணாமா?"

அவர் ஜிம்மியைப் பார்த்தார்.

"நாயிட்ட இல்ல. உன்னட்டத்தான் கேக்கிறன். சாப்பிட்டயா?"

"இல்ல மாமி" என்றார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிப் படியில் இருந்தார். நானும் இருந்தேன், அதே படியில், கொஞ்சம் தள்ளி. உள்ளே மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார். "இந்தத் தயிர் எங்கட ஊர்த் தயிர்தானே மாமி? தனுஷா இத எங்க வாங்குறா?"

"அவள் எங்க வாங்கினவள்? நான்தான் சொல்லிவச்சு எடுக்கிறன், நீ வந்த கிழமையில இருந்து."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை கமரா இல்லை.

"டவுனுக்கும் தயிர் வருமா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் என் வாய் அப்படி.

"வராது மாமி" என்றார் லக்ஷன். "வந்தாலும் இது மாதிரி இருக்காது. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."