பன்னிரண்டு வரிகள்

மரச்சாமான் கடையின் மாடியில் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழன் மாலை சேவைச் சங்கம் கூடும். தலைவர் பல் டாக்டர். மேசையில் ஒரு பித்தளை மணி இருக்கும். அவர் அதைத் தட்டினால் பேச்சு நிற்க வேண்டும். அன்று நிறுத்தப்பட்ட காலைப் பயணிகள் ரயிலைப் பற்றிப் பேச, கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரை அழைத்திருந்தார்கள். ரயில் பயணிகள் சார்பில் இரண்டு நிமிடம் பேச என் அக்காவை அழைத்திருந்தார்கள்.

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். காலை ஐந்து நாற்பது ரயில் நின்றுபோன எட்டு மாதமாக இரண்டு பஸ் மாறிப் போகிறாள். பாதி வழி உட்கார இடம் கிடைக்காது. வேலையிலும் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு உட்காருவாள். அந்த பக்கெட்டைத் தாண்டித்தான் நான் தினமும் இரவு வேலைக்குக் கிளம்புவேன்.

கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அக்கா விடவில்லை. பஸ்ஸில் அவளே இரண்டு டிக்கெட் எடுத்தாள்.

விருந்தினர் எழுந்து தன் தொழிலைச் சொல்ல வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை என்று சொல்லிவிட்டு உட்காரப் போனேன். பாலிடெக்னிக்கை மூன்றாம் வருடத்தில் விட்டதை யாரும் கேட்கவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போன வருஷம் ஸ்டேஷன்ல ஆள் எண்ணினாங்கல்ல, அது என் தம்பிதான்."

கை தட்டினார்கள். அட்டவணைக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "நம்ம டிபார்ட்மென்ட் ஆளு" என்றார். எனக்குக் காது சுட்டது.

அந்த வேலை ஒரே ஒரு வாரம். ஐந்து நாற்பது வண்டியில் ஏறுகிறவர்களை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. ஆளுக்கு ஒரு வரி: ஆணா பெண்ணா, எங்கே போகிறார், டிக்கெட்டா பாஸா. திங்கட்கிழமை கிடங்கிலிருந்து நேராகப் போய் அறுபத்து மூன்று பேரை எழுதினேன். செவ்வாய் ஐம்பத்தெட்டு. அக்கா பெண்கள் பெட்டியில் ஏறும்போது என் கையில் இருந்த அட்டையைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். புதன்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தேன். விழித்தபோது வண்டி போய்விட்டது. பதினோரு வரி எழுதினேன். வியாழனிலிருந்து ஸ்டேஷனுக்கே போகவில்லை. உன்னைக் காணோமே என்று அக்கா கேட்டதற்குக் கடைசிப் பெட்டிப் பக்கம் நிற்கிறேன் என்றேன். மீதி நாட்களை வீட்டில் படுத்தபடியே எழுதினேன். ஒன்பது. பன்னிரண்டு. ஒன்பது. பதினொன்று.

அட்டவணைக்காரர் நன்றாகப் பேசினார். ஒருமுறை சீக்கிரம் கிளம்பிய வண்டியின் பின்னால் அதன் கார்டே ஓடியதைச் சொன்னார். கூட்டம் சிரித்தது. நான் ரசித்தேன் என்று கூடச் சொல்லலாம், திரையில் என் ஏழு நாள் கணக்கு வரும் வரை.

"முதல் ரெண்டு நாள் ஊர்ல ஏதோ விசேஷம் போலிருக்கு. அப்புறம் பாருங்க, பத்துப் பேரு. பத்துப் பேருக்கு ஒரு ரயில் ஓட்ட முடியுமா?"

தன் முறை வரும் வரை அக்கா காத்திருக்கவில்லை. எழுதி வைத்திருந்த தாள் மடியிலிருந்து விழுந்தது.

"சார், அது பொய்க்கணக்கு. பெண்கள் பெட்டியிலயே இருபது பேர் நிப்போம். இவன் எண்ணினது அறுபதுக்கு மேல. வீட்ல வந்து சொன்னான். வண்டிய நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டு நீங்கதான் குறைச்சிருக்கீங்க."

அட்டவணைக்காரரின் முகம் சுருங்கியது. இருபத்தெட்டு வருட வேலையில் ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை என்று மெதுவாகச் சொன்னார். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, படிவங்களின் நகலை அவளிடம் நீட்டினார். பின்வரிசையில் யாரோ, "எல்லாம் கூட்டுக் களவாணிங்க" என்றார். பல் டாக்டர் மணியைத் தட்டினார்.

அக்கா முதல் தாளைப் பார்த்தாள். பிறகு மற்றவற்றைப் புரட்டினாள். அவளுடைய எல்லாப் படிவங்களையும் எழுதிக் கொடுப்பவன் நான். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஒரு தாளில் அவள் கை நின்றது.

"வெள்ளிக்கிழமை" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "தண்டவாளத்துல வேலைன்னு அன்னிக்கு வண்டியே வரலடா."

அது எனக்கு அப்போதுதான் தெரியும். நானும் அங்கே நின்றேன் என்று நினைத்ததால் அன்று அவள் அதை என்னிடம் சொல்லவே இல்லை. வராத வண்டியில் பன்னிரண்டு பேரை ஏற்றியிருந்தேன். அதில் நான்கு பேருக்கு பாஸ் கூடக் கொடுத்திருந்தேன்.

அக்கா தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். தப்பா பேசிட்டேன்."

"பரவால்லம்மா" என்றார் அவர். அக்கா உட்கார்ந்தாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பல் டாக்டர் நன்றியுரைக்கு ஆளைத் தேடினார். பின்வரிசைக்காரர் மட்டும் அட்டவணைக்காரரை இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். வண்டியும் நின்றது நின்றதுதான்.

எழுந்தேன். பல் டாக்டர் மணியில் கை வைத்தார், ஆனால் தட்டவில்லை.

"சார் எதையும் மாத்தல. நான்தான் எண்ணல. கடைசி அஞ்சு நாளும்."

அட்டவணைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய்தான் எழுதறதுன்னு ஆச்சு. அறுபதுன்னே எழுதியிருக்கலாமே. ஏன் கம்மியா எழுதின?"

"அறுபதுன்னா அறுபது வரி எழுதணும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார் அட்டவணைக்காரர். ரயில் இல்லாமல் இப்போது பஸ்ஸில் போகிறவர்களை மறுபடி எண்ணச் சொல்லி ரயில்வேயிடம் கேட்பதற்கு அது போதும் என்றார். வண்டி திரும்ப வரும் என்று மட்டும் சொல்லவில்லை. மரச்சாமான் கடைக்காரரும் பல் டாக்டரும் ஆளுக்கு ஒரு நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்று எண்ணுவதாக ஒப்புக்கொண்டார்கள். எண்ண வருகிறவர்கள் பெயர் எழுதும் பட்டியல் வரிசை வரிசையாகப் போனது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அதை என் தலைக்கு மேலாகப் பின்வரிசைக்கு நீட்டினார்.

பஸ் நிறுத்தம் வரை அக்கா முன்னால் நடந்தாள். இடது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் வைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவளைக் கூப்பிட்டேன்.

"எட்டு மாசமா என் காலைப் பார்த்துட்டுத்தானேடா இருந்த" என்றாள், திரும்பாமல்.

பஸ் வந்தது. முன்பக்கம் ஏறி ஒரு இருக்கையில் உட்கார்ந்து, கண்டக்டரிடம் ஒரு டிக்கெட் கேட்டாள்.