சைவச் சீஸ்

என் மனைவி கனகாம்பிகைக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாப்பாடுதான்: சைவம், இல்லாவிட்டால் மீன் இறைச்சி சேர்ந்த மச்சம். எனக்குச் சிறுநீரகம் பழுதென்று தெரிந்தபோது மீனையும் இறைச்சியையும் குறைக்கச் சொன்னார் டொக்டர். அவள் கறிச்சட்டிகளையே மாற்றிவிட்டாள். சைவமாய் எதைத் தின்றாலும் எனக்கு ஒன்றும் செய்யாது என்பது அவளுடைய முடிவு. அவள் முடிவெடுத்தால் மாற்ற ஆளில்லை.

கேதாரகௌரி விரதம் தொடங்கியது. என் ஆயுளுக்காக ஒருநேரச் சாப்பாட்டோடு கிடந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிரான்சிலிருந்து வந்த என் தங்கை நிரோஜா பை நிறையச் சீஸ் கொண்டுவந்தாள்.

"பால்தானே, சைவம். மெலிஞ்சு போனியள், சாப்பிடுங்கோ," என்று கனகாம்பிகை காலையும் மாலையும் பாண் துண்டுகளுக்குள் வைத்துத் தந்தாள். தான் பட்டினி கிடந்துகொண்டு தந்தாள். பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது. உப்பில்லாக் கறி தின்று செத்துப்போன என் நாக்கு அதற்கு நாயாய் அலைந்தது.

பிறகு உடம்பெல்லாம் கடி. சொறிந்து சொறிந்து இரத்தம் வந்தது. அவள் வேப்பிலை அவித்துக் குளிக்க வார்த்தாள். கடி போகவில்லை, காலும் வீங்கியது.

கிளினிக்கில் அவள் மருந்து எடுக்க வரிசையில் நின்றாள். உள்ளே டொக்டர் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"ஐயா, பொஸ்பரசு கண்டபாட்டுக்கு ஏறியிருக்கு. அதுதான் கடி. என்ன சாப்பிடுறியள்?"

"சீஸ்."

"உங்களுக்கு அது நஞ்சு. ஆர் தந்தது? கிட்னி இன்னும் பழுதாப் போச்சு. இனியும் திண்டால் மெஷினிலைதான் இரத்தம் சுத்திகரிக்க வேணும்."

நான் என் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

வெளியே அவள் மருந்துப் பையோடு நின்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"என்னவாம்?"

உன் கையால்தான் கெட்டேன் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"கிட்னி வருத்தம் கூடிப்போச்சாம். மருதனார்மடத்துக் கடையிலை களவாய்க் கருவாடு திண்டனான்."

விரதம் கெட்டுப்போனதே என்று அவள் ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். "நான் உங்களுக்காகப் பட்டினி கிடக்க, உங்களுக்கு மச்சமோ கேட்டுது?"

பஸ் தரிப்பிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"இனி வெளியிலை ஒண்டும் வேண்டாம். என்ரை கையாலை தாறதை மட்டும் சாப்பிடுங்கோ."

பைக்குள் இருந்து பாணை எடுத்தாள். நடுவில் மஞ்சளாய்ச் சீஸ். பிய்த்து என் வாயருகே நீட்டினாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் இவள் உயிரோடு இருக்க மாட்டாள்.

நான் வாயைத் திறந்தேன்.