எண்பத்திரண்டு மதிப்பெண் எடுத்த தோல்வி

1.
இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. தையல்கடை வைத்திருக்கும் என் பெரியம்மா மகள், துணி வெட்டிக்கொண்டே சொன்னது. "எழுது, ஆனா என்னைப் பாவப்பட்டவளா ஆக்கிடாதே" என்று நிபந்தனை வேறு.

முதல் தொடக்கம்: 'நூற்றுப் பதினெட்டு கிலோ எடையோடு அவள் கண்ணாடி முன் நின்று அழுதா—'

(அடித்துவிட்டேன். அக்கா அழவில்லை. அன்று அவளுக்கு நாற்பது பள்ளிச் சீருடை முடிக்க வேண்டியிருந்தது.)

2.
ஐந்து வருடத்துக்கு முன் எடை குறைக்கும் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். நாற்பது கிலோ இறங்கியது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பதினெட்டு கிலோ ஏறிக்கொண்டது.

ஐந்தாம் வருட ஆய்வுக்குக் கூப்பிட்டார்கள். மாடி ஏற முடிகிறதா, வெளியே போகக் கூச்சமா, குமட்டுகிறதா என்று வாழ்க்கைத்தரம் பற்றி முப்பது கேள்விகள். பதில்களைக் கூட்டிப் பார்த்த ஆய்வு உதவியாளப் பெண் முகம் மலர்ந்தாள். "நூத்துக்கு எண்பத்திரண்டு! ஆபரேஷனுக்கு முன்னாடி முப்பத்தொண்ணுதான் அக்கா." அதே கையோடு அடுத்த கட்டத்தில் 'தோல்வி' என்று டிக் போட்டாள்.

"என்னம்மா அது?"

"உயரத்துக்கு இருக்க வேண்டியதுக்கு மேல இருந்த எடையில பாதியாவது குறைஞ்சிருக்கணும். விதி அப்படி."

"வாழ்க்கைத்தரம்னுதானே கேட்டே? வாழறது நானா, தராசா?"

(முடி கொட்டியதை, இரண்டு வாய் கூடினால் வாந்தி வருவதை, தொங்கும் தோலை அக்கா மறைக்கவில்லை. அதெல்லாம் போகத்தான் எண்பத்திரண்டு.)

3.
சுவரில் முந்தைய ஆய்வின் முடிவை ஒட்டியிருந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்க்கைத்தரம் உயர்ந்ததாம். அக்கா அடியில் இருந்த பொடி எழுத்தையும் படித்தாள். நூற்றிருபது பேரில் திரும்பி வந்தவர்கள் எழுபத்தொரு பேர்தான்.

"மிச்சப் பேர்?"

"தொடர்புல இல்லக்கா."

"தொடர்புல இல்லையா, தலைகாட்ட வெக்கமா?"

அப்படி ஒருத்தியை அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த டீச்சர். எடை ஏறியதும் ஆய்வுக்காரர்களின் போனை எடுப்பதையே விட்டவள். மறுநாள் அக்கா அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"திட்டுவாங்கடி."

"திட்டட்டும். நாம போகலைன்னா, நாம இல்லவே இல்லைன்னு எழுதிடுவாங்க."

4.
'டீச்சருக்கும் எண்பது வந்தது, இருவரும் கட்டிப்பிடித்துக்—'

(இல்லை. வந்தது நாற்பத்துநாலு. அவளுக்கு ஆபரேஷன் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து வருடமாக அதை ஒருவரும் கேட்கவுமில்லை.)

ஆய்வை நடத்தும் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படிப்பட்டவங்களையும் சேர்த்தா சராசரி இறங்குமே."

"இறங்கட்டும் சார். எங்க சராசரிதானே?"

தன் தாளில் 'தோல்வி'க்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள் அக்கா. டாக்டர் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தார். "ஆய்வுக் குழுவுல வெச்சுப் பேசணும்" என்றார்.

5.
இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் குழு விதியை மாற்றுகிறது. மற்றதில் தாளை அலமாரியில் போட்டுப் பூட்டுகிறது. அக்கா இரண்டையும் கிழித்தாள். "குழு இன்னும் கூடவே இல்ல. அதுக்குள்ள நீ யாரு தீர்ப்பு சொல்ல?"

ஆகவே கட்டத்தைக் காலியாக உங்களிடம் தருகிறேன். வெற்றியோ தோல்வியோ, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். பேனாவைத் திறக்குமுன் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.