சிலுப்பாத சேவல்

நேர்ந்துவிட்ட சேவல் ஒரு தடவை உடம்பைச் சிலுப்பிவிட்டால் போதும், சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்பதில்லை. தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், அது சடசடவென்று உதறும், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அழகம்மாவின் சேவலோ மூன்று செம்புத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, காலைப் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுக்க வந்த தோட்டத்துத் துரை மாதிரி விறைப்பாக நின்றது.

லயத்து வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு நின்ற மகள் ஷாமிளாவுக்கு முகமே விழுந்துபோனது. அந்தக் குழந்தைக்காகத்தான் இந்த நேர்த்தி. நாள் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அது குஞ்சு போலக் கிடந்தபோது, லயத்து ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து அழகம்மா அழுதாள். கலண்டரில் இருந்தவள் நயினாதீவு நாகபூசணி அம்மன். "பிள்ளையக் குடுத்துரு தாயே, ஒன் தீவுக்கே வந்து சேவல் தாரேன்." பிள்ளை பிழைத்து, இப்போது லயமே அதிரக் கத்துகிறது. ஆனால் சேவல் வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டால்? கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால்?

தோட்டத்துச் சனத்தை நயினாதீவுக்கு ஏற்றிப்போக வந்த டூர் பஸ் ஹோன் அடித்தது. அழகம்மா சேவலைக் கொழுந்துக் கூடையில் வைத்து மூடி, மகளையும் பிள்ளையையும் வீட்டில் விட்டு, கலக்கத்தோடு ஏறினாள்.

மறுநாள் காலை, தீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் மழை. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. படகில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். அழகம்மாவின் புருஷன் இராமசாமி அதைப் போட்டுக்கொண்டு கூடையை எட்டிப் பார்த்தார்.

"சேவலுக்கும் ஒண்ணு கேக்கட்டுமா?"

"மொதல்ல நீங்க ஒழுங்காப் போடுங்க. தல போற ஓட்டையில கைய விட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

கூடைக்குள் கொக்கரிப்புக் கேட்டதும் படகுக்காரர் திரும்பினார். "என்னணை, கோழியோ?"

"சேவலுங்க தம்பி. அம்மனுக்கு வெட்டணும்."

"ஐயோ, அந்தக் கோயில்ல வெட்டுறேல்லை அம்மா. ரத்தக்காவு ஒண்டும் அவ எடுக்கிறேல்லை."

அழகம்மா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்து முனியாண்டிக்குக் கொடுத்தே பழகியவள். அம்மனுக்கும் அதே வாய்தான் என்று நினைத்துவிட்டாள். எங்கேயோ இருக்கிற மகராசியிடம், அவள் தொடாத பண்டத்தை நீட்டியிருக்கிறாளே!

"வெட்ட முடியாதுன்னா என்ன, திருப்பிக் கொண்டு போயிருவோம்," என்றார் இராமசாமி. "மொளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டு…"

"வாயில அடிங்க. நேந்தது வீட்டுப் படி ஏறலாமா?"

எதிரே வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பெண்கள், தீவுப் புத்த விகாரைக்குப் போகிற நோனாமார், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி கூடையைத் தொட்டு, "அனே, மேக்காவ மரன்னத?" என்றாள். பாவம், இதைக் கொல்லவா போகிறீர்கள் என்று கேட்கிறாள்.

"நே நோனா, மரன்னே நே," என்று அழகம்மாவின் வாய் முந்திக்கொண்டது. கொல்ல மாட்டோம்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கடல் நடுவில், கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் சொன்ன சொல். நோனாவுக்குக் கேட்டது அம்மனுக்குக் கேட்டிருக்காதா? சேவலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "கத்தி வேணாம் தாயே. உசுரோட தாரேன். எடுத்துக்கிறியா?"

சேவல் அசையவில்லை. தோட்டத்துச் சனம் எல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இராமசாமிகூடக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

அப்போது ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. மேலே கூரையாகக் கட்டியிருந்த தறப்பாளில் தேங்கி நின்ற மழைத் தண்ணீர் மொத்தமும் சேவல் தலையில் கொட்டியது. சேவல் ஒரு கணம் திகைத்தது. பிறகு கொண்டையிலிருந்து வால் வரை ஒரு சிலுப்பு! இராமசாமி, நோனாமார், படகுக்காரர், ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை.

"சிலுப்பிருச்சு!" என்று தோட்டத்துச் சனம் குலவை போட்டது. என்ன நடந்தது என்று புரியாவிட்டாலும், நோனாமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு "சாது, சாது!" என்றார்கள்.

"அவ்வளவு தண்ணி கொட்டுனா நானுந்தான் சிலுப்புவேன்," என்றார் இராமசாமி.

"வீட்ல மூணு செம்பு ஊத்தினேனே, அப்ப ஏன் சிலுப்பல? நீங்க பக்கத்துல கொழம்பு நெனப்புல நின்னீங்க, அதான்."

தீவில் இறங்கி, சேவலோடு கோயில் வெளிவீதியை வலம் வந்து, மதில் ஓரமாக அதை இறக்கிவிட்டாள். "போ சாமி, இனி நீ அவ வீட்டுப் பிள்ளை."

சேவல் அவள் பின்னாலேயே வந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள். அதுவும் எட்டிப் போட்டது. அவள் மழையில் ஓடினாள். அது முந்திப் போய் வழியில் நின்று அவளைப் பார்த்தது. அழகம்மாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

நல்ல வேளையாக, கடலைக் கடைக் கூரையடியில் இரண்டு பேட்டுக் கோழிகள் மழைக்கு ஒதுங்கி நின்றன. சேவல் கழுத்தை நிமிர்த்தியது. நிதானமாக அந்தப் பக்கம் நடந்தது.

"திரும்பியாச்சும் பாக்குதா பாருங்க," என்றாள் அழகம்மா. மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

போனில் ஷாமிளாவின் முகம் தெரிந்தது. எடுத்த எடுப்பிலேயே, "அம்மா, சிலுப்புச்சா?" என்றாள்.

அழகம்மா போனைப் புருஷன் பக்கம் திருப்பினாள். ஈரச் சட்டையில் ஒட்டிய இறகுகளோடு இராமசாமி நின்றார். ஷாமிளா சிரித்த சிரிப்பில் மடியில் தூங்கிய பிள்ளை விழித்துக்கொண்டு வீரிட்டது. கடலைக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அப்படி ஒரு கத்தல்.

அழகம்மா அதை அடக்கச் சொல்லவில்லை. முந்தானையால் மழைக்கு மறைத்தபடி, போனைக் கோபுரத்தின் பக்கம் உயர்த்திப் பிடித்தாள்.

"கேளு தாயே," என்றாள். "நல்லாக் கேளு."